பயிற்சிக்கு எங்கே போகலாம்? பதுளை மாணவர் கேள்விகள்

எல்லாரும் ட்ரெயினிங்குக்குக் கொழும்புக்கே போகிறார்கள். நான் இங்கேயே செய்தால் மதிப்புக் குறையுமா?
*மாணவி, பசறை*

குறையாது தங்கச்சி. கொழும்பில் போட்டோப் பிரதி எடுத்தே கழிந்த மூன்று மாதத்தை விட, பண்டாரவளையில் ஒரு வேலையைப் பொறுப்பாக முடித்த மூன்று மாதம் பெரியது. உங்கள் துறைக்கான வேலை கொழும்பில்தான் இருக்கிறதென்றால் தயங்காமல் போங்கள். ஆனால் போர்டிங், சாப்பாடு, பஸ் செலவை முதலில் கூட்டிப் பாருங்கள். கொடுப்பனவு உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் போக முடியும் என்றால் அந்தப் பயிற்சி வேண்டாம்.

பயிற்சிக்கு 6 கிரெடிட் என்கிறார்கள். அது எத்தனை நாள்?
*மாணவர், ஹாலிஎல*

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி வகுப்பறைப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலம். தொழிற்பயிற்சிக்குக் குறைந்தது 100. ஆக உங்களுக்கு 600 மணித்தியாலம். வாரம் 40 என்று வைத்தால் 15 வாரம். அறிக்கைக்குச் செலவாகும் நேரமும் அதற்குள் அடக்கம். உங்கள் பீடம் இதைவிடக் கூடக் கேட்கலாம் என்பதால் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். தொடங்கும் திகதி, முடியும் திகதி, மேற்பார்வையாளர் யார், என்ன வேலை என்ற நாலும் உள்ள கடிதம் முதல் நாளுக்கு முன்பே பீடத்தின் கையில் இருக்க வேண்டும். வேலையை முடித்துவிட்டு வந்து அனுமதி கேட்டவர்களின் உழைப்பு வீணாகிவிடும்.

பயிற்சி நாட்குறிப்பை வாரக் கடைசியில் சேர்த்து எழுதலாமா?
*மாணவர், வெலிமடை*

போன செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்தீர்கள்? உடனே சொல்ல முடிந்தால் எழுதலாம்.

ஊவா வெல்லஸ்ஸ கேம்பஸில் தேயிலைத் தொழினுட்பம் படிக்கிறேன். அப்பா வேலை செய்யும் தேயிலை ஸ்டோரிலேயே பயிற்சி எடுக்கலாமா?
*மாணவர், தெமோதரை*

பக்கத்துத் தோட்டத்துக்குப் போங்கள். அப்பாவோடு நாளும் வேலை செய்கிற டீமேக்கர் உங்களைக் கண்டித்துச் சொல்லித்தரத் தயங்குவார். ஒரு மெஷினில் பிழை இருப்பதை அறிக்கையில் எழுதினால் அது அப்பாவின் தலையில் விழும். அந்த யோசனையிலேயே நீங்கள் பாதியை எழுதாமல் விட்டுவிடுவீர்கள்.

காலத்தையும் யோசியுங்கள். பீடம் இடம் கொடுத்தால் ஜூலை முதல் செப்டம்பர் வரை கேளுங்கள். தென்மேல் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்ட கச்சானாக இறங்கும் மாதங்கள் அவை. ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பேர் வாங்கித் தந்த மணம் அப்போதுதான் ஏறுகிறது. கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்டுவது என்பது நாளுக்கு நாள் மாறும். அனுபவப்பட்ட டீமேக்கர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் சொல்வதையும் ஈரப்பத அளவையும் நாளும் பக்கத்துப் பக்கத்தில் குறித்து வாருங்கள். நல்ல அறிக்கைக்கு அதுவே போதும். அப்பாவின் அனுபவமும் வீணாகாது; இரவில் அந்தக் குறிப்பை அவரிடம் காட்டிப் பேசுங்கள்.

மேற்பார்வையாளர் வேலை முடிந்தபின் தனியே வரச்சொல்கிறார். முறையிட்டால் கிரெடிட் போய்விடுமோ என்று பயம்.
*பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்*

போகாதீர்கள் மகள். நடந்ததைத் திகதியோடு எழுதி இன்றைக்கே பயிற்சி இணைப்பாளரிடம் கொடுங்கள். இடம் மாற்றித் தரும்படியும், இதுவரை செய்த மணித்தியாலங்களைக் கணக்கில் எடுக்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு பருவம் பிந்தினாலும் பட்டம் கிடைக்கும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இதைத் தனியே சுமக்க வேண்டியதில்லை.

புவியியல் படிக்கிறேன். தேயிலையை விட்டால் இங்கே என்ன பயிற்சி இருக்கிறது?
*மாணவி, ஹல்துமுல்லை*

நீங்கள் நிற்கும் மலை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள், போக வேறு வீடு இல்லாததால். 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளைக் கண்டது. மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து எச்சரிக்கை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அங்கேயும், மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலும் விண்ணப்பித்துப் பாருங்கள். நிலவெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம் என்று பார்க்க வேண்டியவற்றை லயத்து வாசலில் நின்று தமிழில் விளக்க ஆள் தேவை. உங்களைப் போன்ற ஒருத்தி அந்த இடத்தில் நிற்பதை நான் மிகவும் விரும்புகிறேன்.

சமூகவியல் பயிற்சிக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் பேட்டி எடுக்க வேண்டும். எப்போது போவது?
*மாணவர், மடுல்சீமை*

மலையில் வேலை நேரத்தில் வேண்டாம் தம்பி. நீங்கள் பேச்சுக் கொடுக்கும் அரை மணித்தியாலத்தில் அவர்களுடைய கொழுந்து குறையும். கிலோ போதாவிட்டால் அன்றைய பேரே, அதாவது நாள் சம்பளமே, பாதியாகலாம். பின்னேரம் லயத்துக்கு வந்ததும் தண்ணி, அடுப்பு, பிள்ளை என்று அடுத்த வேலை தொடங்கிவிடும். ஆகவே ஞாயிறு பகலில், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். தோட்ட அலுவலகத்தில் அனுமதி பெற்றிருந்தாலும் அந்த அம்மாவிடம் தனியே சம்மதம் கேளுங்கள். பதிவுசெய்வதாக இருந்தால் போனை மேசையில் வைக்கும் முன் சொல்லிவிடுங்கள். தோட்டத் துரையைப் பற்றி ஏதும் சொன்னார் என்றால் அறிக்கையில் அந்த அம்மாவின் பெயரும் வேண்டாம், டிவிஷன் பெயரும் வேண்டாம். எழுதி முடித்ததும் திரும்பப் போய் அவர் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டுங்கள். எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடுங்கள்.