இட்லித் தட்டுக்கு அடங்காத தோடி

வாடா பேராண்டி, உக்காரு. கிதாரை அந்தப் பூக்கூடை மேல சாய்க்காதே. கேம்பல் லேன்ல மல்லி விக்கிற விலைக்கு நீதான் காசு கட்டணும்.

"பாட்டைப் போட்டா கார்டு தானா வரும் தாத்தா"ன்னியே, பஸ்ல தட்டுற ஈசிலிங்க் கார்டுன்னுல்ல நெனைச்சேன்! சரி, நல்ல வசதி. காதையும் பட்டினி போட்டுடாதே, மூக்குக்கண்ணாடி மாட்டவாவது வேணும்.

உன் போன்ல இருக்கிற அந்தச் செயலி பாட்டைக் கேக்குற விதம் எனக்குப் புரிஞ்சுபோச்சு. நம்ம வீட்டு இட்லித் தட்டேதான். குழி பன்னெண்டு. மேல்ஸ்தாயி சட்ஜமும் கீழ்ஸ்தாயி சட்ஜமும் ஒரே குழிக்குள்ள. எது எது ரொம்புதுன்னு பாத்து, மேஜர் 12, மைனர் 12 அச்சுல ஒத்துவர்றதோட பேரைச் சொல்லிடும். குழியைப் பாத்து அச்சோட ஒத்துப்பாக்குற இந்த வழியை 1999-ல புஜிஷிமான்னு ஒரு ஜப்பான்காரர் எழுதிவச்சாராம். கெட்டிக்காரர்தான். ஆனா சி மேஜரும் ஏ மைனரும் மூணு சுரத்துல ரெண்டைப் பங்கு போட்டுக்கிற அண்ணன் தம்பி. பேஸ் சத்தம் அமுங்கிப்போச்சுன்னா அண்ணனைத் தம்பின்னு சொல்லிடும். நீயும் அப்படியே வாசிப்பே. போன் சொன்னா வேதவாக்காச்சே!

போன வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயில்ல நாயனக்காரர் தோடி எடுத்தார், ஞாபகம் இருக்கா? நீ போனை நீட்டினே. அந்தக் காந்தாரம் ஒரு குழியில நிக்குமா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஊஞ்சலாடுற சரக்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதை மணிக்கணக்கா ஆட்டுவார்னு எங்கப்பா சொல்லிச் சொல்லி மாய்வார். உன் போன் பாவம், மூச்சுக்கு மூணு கார்டு கக்குச்சு. கோயில் மணிக்கும் ஒரு பேர் வச்சுது. நீ அதையும் நோட்டுல எழுதினே பாரு, அங்கதான் நான் தூணுக்குப் பின்னால போய்ச் சிரிச்சேன்.

சினிமாப் பாட்டுக்குச் சரியா வரும்ங்கிறே. வரட்டும். 1982-ல வந்த 'இளைய நிலா'வுக்குப் பேரெல்லாம் சொல்லிடும். எந்தக் கம்பியை எந்த விரல் எப்போ சுண்டணும்னு சொல்லுமா? அடகுக் கடை ரசீதுல நகையோட பேர் இருக்கும்டா, கழுத்துல போட்டுக்க முடியாது.

முதல்ல பேஸை மட்டும் முணுமுணு. கம்பியில தேடு. தப்பாப் பிடி. அப்புறம் போனைத் திறந்து பாரு. அது வேற சொன்னா ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் பூ கட்டிக்கிட்டே வேடிக்கை பாக்குறேன்.

பேட்டரி எவ்வளவு இருக்கு? நாலு பர்சென்டா? அது அடங்கினதும் ஆரம்பிக்கலாம். அதுக்குள்ள தேக்கா மார்க்கெட்டுல எனக்கு ஒரு தே-ஓ, அதான் பால் இல்லாத டீ, வாங்கிட்டு வா. சக்கரை தாராளமா. ஆச்சி கேட்டா சக்கரையே இல்லாத கோசோங்னு சொல்லு.