இந்த ஆர்க்கிட் எங்கே பிறந்தது?

சென்னை வெயிலில் ஆர்க்கிட் பிழைக்குமா? அது ஊட்டிச் செடி என்கிறார்களே?
– வாசகி, வளசரவாக்கம்

எல்லா ஆர்க்கிட்டும் குளிர் கேட்பதில்லை. சிம்பிடியம் கேட்கும், அதை மலைக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். டென்ட்ரோபியம் கலப்பினங்கள், வாண்டா, மொக்காரா மூன்றும் சூட்டையும் கடற்காற்றின் ஈரத்தையும் ஏற்றுக்கொள்ளும். மொட்டைமாடியில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும். முதல் செடி டென்ட்ரோபியமாக இருந்தால் நல்லது.

செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து அருமையாக நட்டேன். வேர் அழுகிவிட்டதே?
– வாசகர், காரைக்குடி

அந்த அருமையான மண்தான் காரணம். வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை, காட்டில் மரக்கிளையைப் பற்றி வளரும் தொற்றுச்செடிகள். வேருக்குக் காற்று கிடைக்காவிட்டால் செத்துவிடும். கரித்துண்டு, உடைந்த ஓட்டுச்சில்லு, ஊறவைத்து நன்றாக அலசிய தேங்காய் மட்டைத் துண்டு போதும். வாண்டாவுக்கு அதுவும் வேண்டாம். கூடையில் வைத்து வேரைத் தொங்கவிடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது?
– வாசகர், திருச்சி

காலண்டரைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். வேரின் மேல் பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வெள்ளியானதும் ஊற்றுங்கள். காலை நேரம் நல்லது. பெலனாப்சிஸ் வைத்திருந்தால் இலை நடுவே குருத்தில் நீர் தேங்க விடாதீர்கள்; அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

இலை கரும்பச்சையாகச் செழிக்கிறது, பூ மட்டும் இல்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, கோவை

வெளிச்சம் போதவில்லை. ஆர்க்கிட்டுக்கு இலை கரும்பச்சை என்றால் இருட்டில் இருக்கிறது என்று பொருள். இளம்பச்சைக்கு வரும்வரை சிறிது சிறிதாக வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். உரத்தை மிக நீர்க்கக் கரைத்துத் தெளித்தால் போதும். அதிகம் கொடுத்தால் வேர் நுனி கருகும்.

எங்கள் மாமரத்தில் ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரத்தின் சத்தை உறிஞ்சிவிடுமா? பிடுங்கிவிடட்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

தொடாதீர்கள். மரத்துக்குள் வேர்விட்டுச் சாறு குடிப்பது புல்லுருவி. ஆர்க்கிட் பட்டையின் மேல் உட்கார இடம் மட்டும் கேட்கிறது. மழைநீரும் காற்றில் வரும் தூசியும் மட்கும் அதற்குச் சோறு. நம் சமவெளி மரங்களில் வாண்டா டெசலேட்டா என்ற இனம் இயல்பாக வளர்கிறது. உங்கள் மரத்தில் இருப்பது அதுவானால், காசில்லாமல் வந்த செல்வம். மரத்தையும் வெட்டாமல் காப்பாற்றுங்கள்.

பளிச்சென்ற நீல ஆர்க்கிட் வாங்கினேன். அடுத்த முறை வெள்ளையாகப் பூக்கிறதே?
– வாசகி, மதுரை

அது தண்டில் சாயம் ஏற்றிய வெள்ளைப் பெலனாப்சிஸ். இயற்கையிலேயே நீலம் காட்டுவது வடகிழக்கின் வாண்டா கொருலியா. அதன் கதையைக் கேளுங்கள். 1850-இல் அங்குள்ள காசி மலையில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், லண்டன் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவுக்கு அதைச் சேகரித்தார். உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அறிஞர் கையிலேயே இந்த நிலை என்றால் வியாபாரி கையில் காடு என்ன ஆகியிருக்கும்?

மலைச்சாலையோரம் கட்டுக்கட்டாக ஆர்க்கிட் விற்கிறார்கள், மலிவாக. வாங்கலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். நீங்கள் ஒன்று வாங்கினால் நாளைக்குப் பத்து பிடுங்கப்படும். அகத்தியமலையில் மட்டும் வாழும் பாபியோபெடிலம் ட்ரூரியை, தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட். மஞ்சள் பூவின் அழகே அதற்கு எமனாயிற்று. சேகரிப்பாளர்கள் வாரிக்கொண்டு போனதில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. இந்தியக் காடுகளின் செருப்பு ஆர்க்கிட்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. சைட்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையோ ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது.

காட்டுச் செடியை அடையாளம் காண்பது எளிது. வேர் பிய்ந்திருக்கும், பட்டையும் பாசியும் ஒட்டியிருக்கும், இலைகளில் பூச்சி கடித்த தழும்பு இருக்கும். நர்சரிச் செடிகள் ஒரே அளவில், சட்டியில் வேர் பிடித்து, பெயர்ச்சீட்டோடு வரும்.

ஆர்க்கிட் விதை கிடைக்குமா? நானே முளைக்க வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ஒரு காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் தூசி போன்ற அந்த விதைக்குள் உணவே இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899-இல் கண்டறிந்தவர் பிரான்சின் நோயேல் பெர்னார்ட். 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார். இன்று கடைகளில் நியாயமான விலைக்கு ஆர்க்கிட் கிடைப்பதற்கு ஆய்வுக்கூடக் குடுவையில் நடக்கும் இந்த வேலை ஒரு முக்கியக் காரணம். வீட்டில் அந்தச் சுத்தம் கடினம். குடுவையிலிருந்து வந்த இளஞ்செடியை வாங்குங்கள். கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா, ட்ரூரியையை இப்படித்தான் பெருக்கி மீண்டும் மலையில் நட்டது.

என்னைப் போன்ற சாதாரண ஆள் ஆர்க்கிட்டைக் காக்க என்ன செய்ய முடியும்?
– வாசகர், தென்காசி

காட்டில் பார்த்தால் படம் எடுங்கள், பறிக்காதீர்கள். படத்தைப் பகிரும்போது சரியான இடத்தைச் சொல்லாதீர்கள், திருடனும் படிப்பான். காப்பித் தோட்டம் இருந்தால் பழைய நிழல்மரங்களை விட்டுவையுங்கள், அவற்றின் கிளைகள் ஆர்க்கிட்களின் வீடு. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். எந்தக் கடையிலும் பணம் கொடுக்கும் முன், செடி குடுவையில் வளர்ந்ததா, காட்டில் பிடுங்கியதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.