தொள்ளாயிரத்தால் வகுக்கும் சித்தப்பா

வீட்டில் யாராவது லண்டன் கிளம்பினால் பெட்டியை எடை போட ஒருவர் வருவார், ஊறுகாய் கட்டிக் கொடுக்க ஒருவர் வருவார், தொள்ளாயிரத்தால் வகுக்க இந்தச் சித்தப்பா வருவார். மீனம்பாக்கத்துக்கும் ஹீத்ரோவுக்கும் நடுவே செல்பேசியில் ஒரு கோடு இழுப்பார். கிட்டத்தட்ட 8,200 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 900. கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்து, "ஒன்பது மணி ஏழு நிமிஷம்" என்று தீர்ப்புச் சொல்வார். டிக்கெட்டில் பதினோரு மணி நேரம் என்று போட்டிருக்கிறதே என்றால், "அவன் அப்படித்தான் போடுவான், லேட்டானா யாரும் கேட்கக் கூடாதுல்ல" என்பார். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. விமானக் கம்பெனிகள் அட்டவணையில் சற்றுத் தாராளமாகவே நேரம் வைத்துக்கொள்கின்றன. ஆனால் டிக்கெட்டில் இருப்பது கேட்டிலிருந்து கேட்டுக்கு ஆகும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஹீத்ரோவுக்கு மேலே இறங்க முறை வராமல் வட்டமடிப்பதும் அதில் சேர்த்தி. சித்தப்பாவின் விமானமோ வாசலிலேயே 900-ஐத் தொட்டுவிடும்.

இன்னொன்று, அந்த 900 காற்றோடு ஒப்பிட்ட வேகம், தரைக் கணக்கில்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. 2020 பிப்ரவரியில் அதன் முதுகிலேறி ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. அதே தூரத்தைத் திரும்பிக் கடக்கச் சாதாரணமாக ஏழு மணிக்கு மேல் ஆகும். "போகும்போது விட்டதை வரும்போது பிடிச்சுடலாம்" என்பார் சித்தப்பா. அவருக்குப் பிடித்த வகுத்தலையே போட்டுப் பார்ப்போம். 5,400 கிலோமீட்டர் தூரம். காற்று மணிக்கு 100. எதிர்த்துப் போக 6 மணி 45 நிமிடம், தள்ளிவிட வருவதற்கு 5 மணி 24 நிமிடம். கூட்டினால் 12 மணி 9 நிமிடம். காற்றே இல்லையென்றால் 12 மணிதான். மெதுவாகப் போகும் திசையில் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்வதால் காற்று வாங்கிய கடனை முழுதாகத் திருப்பித் தருவதில்லை, சில உறவினர்களைப் போல.

கோடாவது நிஜமா? ரஷ்யா 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு வானத்தை மூடியதும், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணியைத் தொட்டது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. மாறியது பாதை.

தப்புக் கணக்கோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளை ஊர் திரும்பும் நாளில் பெற்றவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் ஒப்பிக்கிறார். அவர்களும் நம்பி விடியுமுன்னே மீனம்பாக்கம் போய், வருகை வாசல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்கள். விமானம் இறங்கி, குடியுரிமை வரிசை நகர்ந்து, பெட்டி பெல்ட்டில் வந்து சேர இன்னும் ஒரு யுகம். நடுவில் சித்தப்பாவே போன் போட்டு, "இன்னுமா வரலை? கணக்குப்படி இந்நேரம் வந்திருக்கணுமே" என்பார். அந்தப் பார்க்கிங் ரசீதை நீட்டினால் மட்டும் அவருக்கு வகுத்தல் வராது.