பொருள்: முகூர்த்தப் புடவை எடுத்தது தொடர்பாக

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
பல மாடிப் பட்டு மாளிகை,
தியாகராய நகர், சென்னை – 17.
(கடைப் பெயர் போடவில்லை. விளம்பரத்துக்கு நான் பணம் வாங்குவதில்லை.)

ஐயா,

ஆவணியில் எனக்குக் கல்யாணம். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் தங்கள் கடையில் முகூர்த்தப் புடவை எடுத்தாயிற்று. எடுத்துக் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்ற சின்ன உரிமையில் நானும் உடன் வந்திருந்தேன். அங்கே கிடைத்த உபசாரத்துக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் தங்கள் ஊழியரின் கூர்மையைப் பாராட்ட வேண்டும். நாங்கள் உட்காருவதற்கு முன்பே "பட்ஜெட் எவ்வளவு மேடம்?" என்று கேட்டார். மாமியாராகப் போகிற அத்தை ஒரு தொகை சொன்னார். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அத்தையின் வளையல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மாடி மேலே கூட்டிப் போனார். யார் பணம் கட்டுவது, யார் தலையாட்டினால் பில் போடலாம் என்பதெல்லாம் லிஃப்ட் நிற்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு என் பக்கம் அவர் திரும்பியது என் நிறத்தைப் பார்க்க மட்டும்தான். "பொண்ணு மாநிறம். டார்க் போட்டா அமுங்கிடும், லைட் போட்டா எடுப்பா இருக்கும்" என்றார். சொன்னதும் அத்தையிடம்தான்.

எனக்கு மயில்கழுத்து வேண்டும் என்று ஆரம்பித்தேன். "முகூர்த்தத்துக்கு யாராவது நீலம் கட்டுவாங்களா?" என்று கேட்ட அத்தை, அரக்கு எடுக்கச் சொன்னார். டார்க் அமுங்கும் என்ற அதே ஊழியர், பொண்ணு கலருக்கு அரக்கை அடிச்சுக்க ஆளில்லை என்றார். சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்த நாத்தனார், அரக்கு தன் கல்யாணத்துக்கே எடுத்தாயிற்று, ஆல்பத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்று தடை போட்டார். மாமாவுக்குப் பார்க்கிங் கவலை. அம்மா என் கையைக் கிள்ளினாள். கடைசியில், ஒருவருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத, ஆகவே ஒருவராலும் மறுக்க முடியாத ஆனியன் பிங்க்கில் சமாதானம் ஏற்பட்டது. "இப்ப இதுதான் மேடம் மூவிங்" என்றார் ஊழியர்.

இத்தனை நேரமும் மெத்தையில் குவிந்த புடவைகளை மடித்துக்கொண்டே இருந்த பெண் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. தங்கள் கடையிலும் இருக்கை இருந்தது. அதில் மாமா உட்கார்ந்திருந்தார்.

எங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளும் நிறுவனம், தன் புடவையைப் பற்றி மட்டும் இப்படி அடக்கம் காட்டுவதுதான் என்னை நெகிழவைத்தது. இது கைத்தறியா, விசைத்தறியா என்று கேட்டேன். "பியூர் காஞ்சிபுரம் மேடம்." ஜரிகை என்ன ஜரிகை? "பியூர் மேடம்." கரை கோர்வையா? அவர் சற்று யோசித்து, புடவையில் தொங்கிய சில்க் மார்க் அட்டையைக் காட்டினார்.

அந்தச் சின்ன அட்டை இவ்வளவு சுமை தாங்காது ஐயா. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த அது, நூல் அசல் பட்டு என்று மட்டுமே சொல்லும். எந்தத் தறி என்று சொல்லாது, ஜரிகை பற்றியும் வாய் திறக்காது. விசைத்தறியில் ஓட்டிய பட்டுப் புடவையிலும் அது தொங்கலாம், தவறே இல்லை. கைத்தறி என்று காட்ட 2006 முதல் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-ல். இவற்றையெல்லாம் தாங்கள் அறியாமல் இருக்க மாட்டீர்கள். ஊழியரிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை போலும்.

என் தாத்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டவர். ஆகவே கரையைத் தடவிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எங்களுக்கு உண்டு. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு. நெய்பவர் பக்கத்தில் கரை நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். உடலும் கரையும் இழைக்கு இழை கோத்துக்கொள்வதால்தான் மஞ்சள் உடலுக்குப் பக்கத்தில் அரக்குக் கரை அரக்காகவே நிற்கிறது. அப்படிச் செய்யாமல் ஒரே நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினால், உடலின் நிறம் கரைக்குள்ளும் புகுந்து இரண்டும் கலந்து மினுங்கும். அந்த மினுக்கத்துக்குத் தாங்கள் "டூயல் டோன் பார்டர்" என்று பெயர் சூட்டி, அதற்கும் தனியாக விலை வைத்திருப்பதை மிகவும் ரசித்தேன்.

அதே தெருவில் இன்னொரு கடையில் தாலி வாங்கினோம். 6 இலக்க ஹெச்.யூ.ஐ.டி. எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் விதி. பில்லில் காரட், எடை, சேதாரம் எல்லாம் தனித்தனியாக இருந்தன. தங்கள் பில்லில் "சில்க் சாரி – 1" என்று இருந்தது. கீழே விலை, வரி, பிறகு "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." அசல் ஜரிகை என்பதும் பட்டு நூல் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியதுதானே. வெள்ளி ஏறும்போதெல்லாம் "ஜரிகை ஏறிடுச்சு மேடம்" என்று தவறாமல் சொல்லும் தாங்கள், எவ்வளவு வெள்ளி என்பதையும் ஒரு மூலையில் எழுதலாம். நகைக்கடையில் காரட் பார்க்கும் அதே வகை இயந்திரம் ஜரிகையையும் சோதிக்கும்.

எனவே, அத்தையின் வளையலை எடைபோட்ட அந்தத் திறமையில் கால் பங்கை மட்டும் புடவைப் பக்கம் திருப்பி, பில்லில் எந்தத் தறி, என்ன ஜரிகை, கோர்வை உண்டா என்று மூன்று வரி சேர்க்க வேண்டுகிறேன். விசைத்தறி என்று எழுதியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்பதில்லை. விசைத்தறி விலைக்கு வாங்கியிருப்பேன். நெய்தவர் பெயரையும் போட்டால் மகிழ்ச்சி. வாசல் கட்அவுட்டில் நிற்கும் நடிகைக்கு அதனால் சங்கடம் என்றால் வற்புறுத்தவில்லை.

புடவையைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லை. அதில் குறை சொல்லிவிட்டு நான் அந்த வீட்டில்தான் போய் வாழ வேண்டும். ஆகவே இந்தக் கடிதம் அத்தையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மணப்பெண் (மாநிறம்)

இணைப்பு: முந்தானை ஓரத்தில் உருவிய ஜரிகை இழை ஒன்று. நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும் என்பார் தாத்தா. தாங்களே ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டு, தெரிந்த நிறத்தைப் பதிவுத் தபாலில் தெரிவிக்கவும்.