வரிசைக் கணக்கு

எங்கள் வீட்டுக் குளியலறை அன்றும் இன்றும் ஐந்தடிக்கு ஏழடிதான். ஐந்தடிச் சுவர் ஒன்றின் ஓரத்தில் இரண்டரை அடிக் கதவு. எண்பதுகளில் அதற்கு நாலடி உயரம்வரை ஆறங்குல வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். சுற்றளவு 24 அடி. கதவு போக 21.5. நாலால் பெருக்கினால் 86 சதுர அடி. சதுர அடிக்கு நாலு டைல் என்று அப்பா 344 எழுதிவைத்தார்.

மேஸ்திரி தாளைப் பார்த்துவிட்டு, சுவரில் நூல் பிடித்து எண்ணினார். வரிசைக்கு 43, எட்டு வரிசை. அதே 344! "கணக்கு சரிதானுங்க. இருந்தாலும் வரிசையை எண்ணிப் பாத்துரணும்" என்றார். ராத்திரி முழுக்க டைல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வேலையைத் தொடங்கினார்.

இப்போது அதே அறைக்கு இரண்டுக்கு நாலடி டைல், ஏழடி உயரம்வரை. 150.5 சதுர அடியை எட்டால் வகுத்து, 19 போதும் என்றார் கடைத் தம்பி. ஆனால் அந்த டைலின் உண்மை அளவு 600க்கு 1200 மில்லிமீட்டர். நாலடிக்கு முக்கால் அங்குலம் குறைவு. அகலவாட்டில் பதித்தால், ஏழடிச் சுவருக்கு ஒரு முழு டைலும் 934 மில்லிமீட்டர் துண்டும் வேண்டும். வெட்டியதில் மிஞ்சும் 266, ஐந்தடிச் சுவருக்குத் தேவையான 324க்குப் போதாது. கதவுச் சுவரில் மிஞ்சுவதுதான் அதற்கு உதவும். ஆக வரிசைக்கு 6. உயரத்தில் மூன்று வரிசை போக ஓரடிக்கு மேல் பாக்கி. ஒரு டைலை நெடுகப் பிளந்தால் அந்த உயரத்துக்கு ஒரு துண்டுதான் தேறும். அதனால் நாலாவது வரிசைக்கும் 6. மொத்தம் 24.

சின்ன டைல் காலத்தில் பரப்பளவும் வரிசையும் ஒரே விடை தந்தன. டைல் பெரிதாகப் பெரிதாக, வெட்டுத் துண்டுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. அன்று ஒரு டைல் உடைந்தால் போனது கால் சதுர அடி. இன்று கிட்டத்தட்ட எட்டு.

எனவே கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு சுவரையும் மில்லிமீட்டரில் தாளில் வரைந்து, வரிசை வரிசையாக எண்ணுங்கள். உடைசலுக்கு நூற்றுக்குப் பத்து சேருங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஐந்து டைலுக்காக ஓடினால், அதே நிறம் கிடைக்கும் என்பதற்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தராது.