முதலில் நிழல், அப்புறம் ராட்டினம்

கடப்பாக்கத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில், ஈசிஆருக்கு மேற்கே, நான் ஒரு ரிசார்ட் வடிவமைத்து வருகிறேன். நடுவில் தீம் பார்க், அதை ஒட்டி நீர்ப் பூங்கா, இரண்டு விடுதிகள், ஒரு கடைத்தெரு, ஒரு பேருந்து நிலையம். நிலம் என் பெயரில் இல்லை. யாரும் வரையச் சொல்லவும் இல்லை. பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்தது. இன்றைக்கும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வரைபடத்தை விரித்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்த வேலைகளில் இவ்வளவு சந்தோஷம் தருவது வேறொன்றில்லை.

இப்படிப்பட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு ரிசார்ட்டில் நான்கு தீம் பார்க்குகள் உண்டு. ஐந்தாவதை ரசிகர்கள் ஆளுக்கொரு விதமாக வரைந்துகொண்டே இருக்கிறார்கள். கைவிடப்பட்ட திட்டங்களையும் விடுவதில்லை. 1998இல் திறந்த அனிமல் கிங்டமில், டிராகன், யூனிகார்ன் போன்ற கற்பனை விலங்குகளுக்கென யோசித்து, கட்டாமலே விட்ட ஒரு பகுதி உண்டு. வர்ஜீனியாவில் 1993இல் அறிவித்து, உள்ளூர் எதிர்ப்பால் மறு ஆண்டே கைவிடப்பட்ட ‘டிஸ்னிஸ் அமெரிக்கா’ என்ற பூங்காவும் உண்டு. இவற்றை எடுத்து மிச்சத்தை வரைந்து முடிப்பது ரசிகர்களுக்குப் பிடித்த வேலை.

வெட்டிவேலை என்று யாராவது சொன்னால் நான் 1953 செப்டம்பரைச் சொல்வேன். வால்ட் டிஸ்னியின் அண்ணன் ராய், பூங்காவுக்குப் பணம் கேட்டு நியூயார்க் போக வேண்டும். கையில் காட்டப் படம் இல்லை. வால்ட், ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரை வரவழைத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பக்கத்திலேயே இருந்து வால்ட் சொல்லச் சொல்ல, ரைமன் பென்சிலால் வரைந்தார். சுற்றிலும் ரயில் பாதை, ஓர் ஆறு, நடுவில் கோட்டை, அதிலிருந்து பிரியும் தெருக்கள். அன்றைக்கு அதுவும் இல்லாத ஊரின் படம்தான். 1955 ஜூலை 17 அன்று அனாஹைமில், ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த இடத்தில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அதே பூங்காவில் பதின்வயதில் ஐஸ்கிரீம் விற்க வந்த டோனி பாக்ஸ்டர், பிற்பாடு பிக் தண்டர் மௌண்டன் ரோலர் கோஸ்டரை வடிவமைத்தார். டிஸ்னிலேண்ட் பாரிஸின் வடிவமைப்புக்கும் தலைமை ஏற்றார். ரசிகனுக்கும் வடிவமைப்பாளனுக்கும் நடுவில் மதில் ஒன்றும் இல்லை.

நான் வரைய ஆரம்பித்தது தொண்ணூறுகளில். தீவுத்திடல் பொருட்காட்சியில் ஜயண்ட் வீல், மரணக் கிணறு, டெல்லி அப்பளம். ஈசிஆரில் விஜிபி, தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த டிஸ்னிலேண்ட் மடிப்புப் படம்தான் எனக்கு மொத்தப் பாடநூலும். அது மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோடேப் ஒட்டி ஒட்டி மஞ்சளாகிப் போனது. கிராஃப் தாள்களை வரிசையாக ஒட்டிப் பூங்கா வரைந்தேன். நடுவில் கூர்கோபுரக் கோட்டை. மேற்கே கௌபாய் ஊர். கிழக்கே, அலை வந்து தொடும் மணல்மேலேயே விடுதி. கியூ கிடையாது, கழிப்பறை கிடையாது. வருகிறவர்கள் எதில் வருவார்கள் என்ற கேள்வியும் கிடையாது.

அந்தக் கோட்டையின் மூலம் ஜெர்மனியில், பவேரியாவின் நோய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை. அனாஹைம் கோட்டைக்கு அதுதான் முன்மாதிரி. பவேரியாவிலிருந்து கலிஃபோர்னியா போய், அங்கிருந்து என் கிராஃப் தாளுக்கு வந்திருந்தது. நான் பூங்காவுக்குத் தேர்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிஜக் கோட்டை ஒன்று கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது: கடப்பாக்கம் அருகே ஆலம்பரை. நவாபுகள் காலத்துத் துறைமுகம். நாணயச் சாலை இருந்தது. உப்பும் நெய்யும் ஜரிகைத் துணியும் கப்பலேறின. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். இடிந்த மதிலும் படகுத்துறையின் எச்சமும் இன்றும் இருக்கின்றன.

இப்போது என் பூங்காவின் நடுவில் இருப்பது அந்தத் துறைமுகம்தான். அதற்குள் ஓர் இருட்டுப் படகுப் பயணம். நிலாவில் உப்பு மூட்டை ஏற்றுகிறார்கள், அக்கசாலையில் காசு அடிக்கிறார்கள், கடைசியில் பீரங்கிச் சத்தத்தோடு மதில் சரிகிறது. படகுக்கு 20 பேர், அரை நிமிடத்துக்கு ஒரு படகு. மணிக்கு 2,400 பேர் போகலாம். கூரைக்குள் ஓடுவதால் ஐப்பசி மழையிலும் நிற்காது. டிஸ்னிலேண்டைப் பற்றி ஒன்றும் தெரியாத நாளில் அதையே நகலெடுத்தேன்; இன்று அதன் ஒவ்வொரு சந்தும் தெரிகிறது, என் பூங்காவோ அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது.

இடையில் என்னை மாற்றியது ஒரு கணினி விளையாட்டு. 1999இல் கிறிஸ் சாயர், ஏறத்தாழ முழுவதையும் தனியாளாக அசெம்பிளி மொழியில் எழுதிய ரோலர் கோஸ்டர் டைகூன். அதில் பூங்காவுக்கு வரும் ஒவ்வொரு ஆளையும் தொட்டு, என்ன நினைக்கிறார் என்று பார்க்கலாம். பசிக்கிறது, கால் வலிக்கிறது, கழிப்பறை எங்கே, வீட்டுக்குப் போகணும். மழை பிடித்தால் குடை வாங்குவார். அதுவரை என் பூங்காவில் ராட்டினங்கள் மட்டும் இருந்தன. அன்றிலிருந்து ஆட்கள் நுழைந்தார்கள்.

ஆட்கள் வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடும். ஒரு ரோலர் கோஸ்டர் ரயிலில் 24 பேர், நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 1,440 பேர். கியூ அரை மணி நேரம் என்று வைத்தால் எந்நேரமும் 720 பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஆளுக்கு அரை சதுர மீட்டர் கொடுத்தாலும் 360 சதுர மீட்டர் கூரை வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், இடுப்பில் குழந்தையோடு நிற்பவருக்கு அந்தக் கூரைதான் பூங்கா. ரோலர் கோஸ்டர் அப்புறம். அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் வரைவது நிழல். புங்கை, பூவரசு, புன்னை. உப்புக்காற்றில் எது நிற்கும், எத்தனை அடிக்கு ஒன்று வைத்தால் தடம் முழுக்க நிழல் கூடும் என்று பார்த்து, மிஞ்சிய இடத்தில்தான் ராட்டினம்.

அடுத்தது தரைக்கு அடியில். ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டமில், ஊழியர்களும் சரக்கும் குப்பையும் பார்வையாளர் கண்ணில் படாமல் போகச் சுரங்கப் பாதைகள் உண்டு என்பார்கள். அங்கே தோண்டினால் தண்ணீர். அதனால் அந்தப் பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, பக்கத்து ஏரிக்குத் தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, பூங்காவை அதன்மேல் எழுப்பினார்கள். வருகிறவர்கள் நடப்பது மாடியில். எங்கள் கடற்கரையிலும் தோண்டினால் தண்ணீர்தான். நானும் ஒரு குளம் வெட்டி, அந்த மண்ணில் பூங்காவை உயர்த்தினேன். மழைவெள்ளம் அந்தக் குளத்தில் இறங்கும்.

மணல்மேல் இருந்த விடுதி 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே இருக்கவில்லை. சாலைக்கு மேற்கே தள்ளிவிட்டேன். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று சட்டமும் இருக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்தே கடலுக்கு நகரும்; கரையில் விளக்கு எரிந்தால் திசை தப்பி ரோட்டுப்பக்கம் போய்ச் செத்துவிடும். ஆகவே கிழக்கே பார்த்த விளக்கு என் ரிசார்ட்டில் ஒன்றுகூடக் கிடையாது. இரவு வாணவேடிக்கையையும் நீக்கிவிட்டேன். நீக்க மனசு வரவில்லை. ஆனால் ஆமைகள் அங்கே எனக்கு முன்பே இருப்பவை.

இன்று இதே பொழுதுபோக்கில் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் கைக்கு எட்டும். செயற்கைக்கோள் படம், முன்சீட்டிலிருந்து எடுத்த ரோலர் கோஸ்டர் வீடியோ, 2016இல் வந்த பிளானெட் கோஸ்டர். ஒரு வரி எழுதினால் ஏஐ ஒரு நிமிடத்தில் பொன்னிறக் கோபுரங்களோடு ஒரு பூங்காவின் படம் தருகிறது. அந்தப் படங்களில் எனக்கு ஆர்வம் இல்லை. வாசல் எங்கே, எந்தப் பக்கம் வடக்கு, இட்லிக்கடையின் எச்சில் தட்டு எந்த வழியாகப் போகும் என்று கேட்டால் பதில் கிடையாது. அளவுகோல் இல்லாத படம் பூங்காவின் திட்டம் ஆகாது. சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கேள்வி வால்ட் டிஸ்னிக்கும் வந்தது: டிஸ்னிலேண்ட் திறப்பு நெருங்கிய நேரத்தில் அங்கே குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம். குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் முடிக்க அவகாசம் இல்லை. வால்ட் கழிப்பறையைத் தேர்ந்தார். கொளுத்தும் வெயிலில் வந்தவர்கள் தண்ணீர் இல்லாமல் திட்டித் தீர்த்தார்கள் என்பது தெரிந்த கதை. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. குளிர்பானத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கழிப்பறையை வாங்க முடியாது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தீம் பார்க் வரைந்துகொண்டிருந்தால், தயவுசெய்து பிடுங்காதீர்கள். ஒரு கட்டு கிராஃப் தாளும் அளவு நாடாவும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது கியூவில் நிற்கிற நேரத்தில் தூண்களையும் மரங்களையும் எண்ணச் சொல்லுங்கள். வரைந்து முடித்துக் கொண்டுவந்து காட்டும்போது, பாட்டி எங்கே உட்காருவாள் என்று கேளுங்கள்.