உரிமைப் பாடத்துக்கு உசிதமான க்ஷேத்திரம்

நீதிபதிகள், அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், ஏனைய வக்கீல்கள் ஆகிய மூவகையாருக்கும் மனித உரிமை வகுப்பு நடத்தத் திருப்பதியைக் காட்டிலும் உசிதமான க்ஷேத்திரம் வேறில்லை என்பேன். ஏனெனில், பாடத்தின் இடைவேளையில் முந்திரிப் பருப்பைக் கொறித்தபடியே, 2015 ஏப்ரல் 7ஆம் நாள் செம்மரம் வெட்ட வந்தவர்களென்று தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேர் சுட்டு வீழ்த்தப்பட்ட சேஷாசல மலைக்காட்டை, மாணாக்கர்கள் ஜன்னல் வழியாகவே தரிசித்துக்கொள்ளலாம். தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது போலீசாரின் வாதம். கூலியாட்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துச் சென்றார்கள் என்பது தப்பிவந்த ஒருவரின் சாட்சியம்.

மாவட்டந்தோறும் ஒரு செஷன்ஸ் கோர்ட்டை மனித உரிமை நீதிமன்றமாகக் குறிப்பிடலாம் என்று 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பெருந்தன்மையோடு அனுமதிக்கிறது. அந்நீதிமன்றம் எந்தெந்தக் குற்றங்களை விசாரிப்பது என்பதை மட்டும், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரை விட்டதுபோல, எழுதாமல் விட்டுவிட்டது.

1911 வரை வட ஆற்காட்டின் தலைநகராயிருந்த சித்தூரில், இன்று தமிழ்நாட்டு ஜவ்வாது மலையாள் ஒருவன் செம்மர வழக்கில் சிக்கித் தெலுங்கு ரிமாண்டு காகிதத்தில் கைநாட்டு வைக்க நேர்ந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறதென்று அவனுக்குத் தமிழில் யார் சொல்வது? வகுப்பு நடத்துவோரே, அடுத்த முறை மண்டபத்தை விட்டுவிட்டு, மாஜிஸ்திரேட் கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு போடுங்கள்.